ஒருமை, பன்மை

மூன்றே முக்காலுக்கு நான் மலைச்சாலை பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, பஸ் நேரங்களை ஒட்டிய ஒரு கண்ணாடிப் பலகை. தினமும் நான் நிற்கிற இடம்தான். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் நாலரைக்குக் கீழே ஊரில் இறங்கலாம். அங்கிருந்து வேகமாக நடந்தால் என் மகளின் பள்ளிக்கூடம் பத்து நிமிடம்.

கண்ணாடிப் பலகையில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மழையில் எழுத்து கரைந்து வழிந்தாலும் எனக்கு அந்த அளவுக்கு ஸ்பானிஷ் வாசிக்கத் தெரியும். இன்று நாலு மணி பஸ் கிடையாது. அடுத்தது ஆறு மணிக்கு.

முதலில் என்மேல்தான் கோபம் வந்தது. மலைமேல் இருக்கிற விதைப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ஈரத்தாளில் நூறு விதைகளைப் பரப்பி, ஏழாம் நாள் எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். மற்றவர்கள் மூன்றரைக்கே அவரவர் காரில் கிளம்பிவிட்டார்கள். யாரோடாவது தொற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஒரே ஒரு தட்டு பாக்கி, எண்ணிவிட்டு வருகிறேன் என்று வீம்புக்கு உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தை ஐந்து மணிக்கு மூடுவார்கள். போன வாரம் பஸ் தாமதமாகி நான் பத்து நிமிடம் பிந்திப் போனபோது வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு ஆயா போயே போய்விட்டாள். மகளைக் காணோம். லாரிகள் போகும் புறவழிச் சாலை ஓரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தவளை ஓடிப்போய்ப் பிடித்தேன். ஆறு வயது. துளி பயம் இல்லை அவள் முகத்தில்.

"நீ வரலைன்னா நானே நடந்து வந்துடுவேன்னு சொன்னேன்லம்மா" என்றாள்.

அடி கொடுத்தேன். பிறகு நானே அழுதேன். ஆனாலும் அவள் மறுபடி அதையேதான் செய்வாள், பிடிவாதத்தில் அவள் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

கைபேசியில் சிக்னல் இல்லை. மலையில் என்றைக்குமே இருந்ததில்லை. கணவருக்குக் கப்பலில் வேலை, திரும்பி வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவசரத்துக்கு உதவுகிற மாடிவீட்டு அக்கா தன் மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாள். ஆக, அந்தச் சாலையில் வருகிற யாராவது ஒருவரைக் கை காட்டி நிறுத்தி, ஸ்பானிஷில் பேசி, என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது மாடிவீட்டு அக்காதான். நம் ஊரை விட்டு வந்து இருபது வருடமாக இந்த நாட்டிலேயே இருப்பவள். கறாரான வாத்தியார்.

"‘யேவா’ன்னா கூட்டிட்டுப் போறது. ‘மே’ன்னா என்னை. ‘மே யேவா?’ அவ்வளவுதான், பின்னாடியே இடத்தைச் சொல்லு. முடிஞ்சுது."

"ரொம்ப மொட்டையா இருக்கேக்கா. முன்பின் தெரியாத பெரிய மனுஷர்கிட்ட இப்படியா கேக்கிறது?"

"அதுலயே மரியாதை இருக்குடி. நீயா எதையும் ஒட்ட வைக்காதே."

என் நாக்கு ஒட்ட வைக்கும். நீ என்பதை நீங்கள் ஆக்கி, போ என்பதைப் போங்கள் ஆக்கியே வளர்ந்த நாக்கு. ‘யேவா’ என்று ஆரம்பித்தால் கடைசியில் தானாக ஒரு ‘ன்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘யேவான்’ என்றால் பல பேரைப் பார்த்துக் கேட்பது. அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஒத்த ஆளைப் போய் ஊர்வலமாக்கிட்டியே! உன் மரியாதையெல்லாம் இங்க செல்லாது. காருக்குள்ள எத்தனை பேருன்னு எண்ணிப் பாரு, அப்புறம் வாயைத் திற."

"எண்ணுறதுதானேக்கா என் பொழப்பே."

"அப்ப இதையும் எண்ணு."

இன்னொரு சண்டையும் எங்களுக்குள் உண்டு. ‘நோஸ்’ என்றால் எங்களை. நம்மை என்றாலும் அதே நோஸ்தான். நாங்கள் போகிறோம், நாம் போகிறோம் இரண்டுக்கும் ஒரே சொல். அதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிந்ததில்லை.

"நாங்கன்னா எதிர்ல இருக்கிறவங்க சேர்த்தி இல்ல. நாமன்னா அவங்களும் சேர்த்தி. ரெண்டும் எப்படிக்கா ஒண்ணாகும்?"

"இங்க அந்தப் பிரிவினை கிடையாது. பேசுறவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

கணவருக்குப் போனில் இதெல்லாம் பெரிய சிரிப்பு. "ஊருக்கெல்லாம் நீங்க வாங்கன்னு குழையுற. உம் பொண்ணு உன்னை ‘ஏம்மா நீ’ங்கிறா" என்பார். "என்னை மட்டுமா, உங்களையும்தான்" என்பேன். எங்கள் வீட்டில் அவள் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வாள். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் வந்த லாரி நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு வேன் சேற்றை வாரி என்மேல் அடித்துவிட்டுப் போனது. நாலு இருபது ஆகிவிட்டது. மழை வலுத்து, மலைச்சரிவு வெள்ளையாக மறைந்தே போய்விட்டது.

அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறக் கார் வந்தது.

பழைய கார். முன்கண்ணாடியைத் துடைக்கிற இரண்டு கைகளில் ஒன்றுதான் ஓடியது. நான் கையை நீட்டும் முன்பே வேகம் குறைந்து என் பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் பெரியவர், என் அப்பா வயதிருக்கும். முன்னிருக்கை காலி. பின்னிருக்கை காலி. ஒருவர் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். மே யேவா, மே யேவா என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் பாதி இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நரைத்த தலையைப் பார்த்ததும் என் நாக்கு தன் புத்தியைக் காட்டிவிட்டது.

"மே யேவான்?"

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, காருக்குள் தொங்கிய சிறிய கண்ணாடியைப் பார்த்தார். பின்னிருக்கை தெரிகிற கண்ணாடி. அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது.

"லா யேவாமோஸ்" என்று பதில் வந்தது.

உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். போகிறேன் இல்லை, போகிறோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ஆளிடம் பன்மையில் கேட்டேன், மனிதர் கிண்டலாகப் பன்மையிலேயே பதில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருடைய உதடு அசைந்ததா என்று யாராவது கேட்டிருந்தால், அசையவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பெரியவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையை மடிமேல் வைத்து வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார். ஆனால் முன்கதவின் பூட்டு டக் என்று தானாக மேலே வந்தது. மணி நாலு இருபத்தைந்து. நான் ஏறி உட்கார்ந்தேன்.

கதவு நான் இழுக்காமலே சாத்திக்கொண்டது.

உள்ளே நனைந்த கம்பளியை மூட்டை கட்டி வைத்த வாடை. பெரியவரின் சட்டை காய்ந்துதான் இருந்தது. கால் வைக்கிற இடமும் காய்ந்திருந்தது. எங்கோ பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கார் நகர்ந்ததும் எனக்குப் பின்னாலிருந்து, இருக்கைப் பட்டை சரசரவென்று இழுபட்டு, க்ளிக் என்று மாட்டிக்கொண்டது.

நான் என் பட்டையைப் பார்த்தேன். அது மாட்டியிருந்தது. அவருடையதும் மாட்டியிருந்தது.

அவர் பேசியதில் பாதிதான் அன்று எனக்குப் புரிந்தது. மீதியைப் பிற்பாடு யோசித்து யோசித்துப் புரிந்துகொண்டேன். அதனால் என் தமிழிலேயே சொல்கிறேன்.

"எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?" என்றார், கிசுகிசுப்பாக.

"தப்பாச் சொல்லிட்டேங்க. உங்க ஒருத்தர்கிட்டதான்."

"பதினோரு வருஷமா எல்லாரும் என் ஒருத்தன்கிட்டதான் கேட்டிருக்காங்க. அதனால ஒண்ணும் ஆகலை. பின்னாடி இருக்கிறதை யாரும் சேர்த்துக் கேட்டதே இல்ல."

"பின்னாடி யாருங்க இருக்கா?"

"தெரியாது. இதே மாதிரி மழை. அந்த நிறுத்தத்துல ஒரு கை நீண்டுச்சு. நான் நிறுத்தலை. வீட்டுக்குப் போய்ப் பாத்தா பின் சீட்டு ஈரமா இருந்துச்சு. அன்னைலேர்ந்து காயவே இல்ல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியசாலி என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது, அன்றோடு அது போயிற்று. கழுத்தைத் திருப்பவே வரவில்லை.

"ஸ்கூலுக்குப் போகணும்" என்றேன். எஸ்குவேலா, எஸ்குவேலா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "பொண்ணு நிப்பா. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க."

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "அதைக் கேக்கும்போதே சொல்லியிருக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடத்தைப் பின்னாடியே சொல்லு என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. என்னைக் கூட்டிப் போவீர்களா என்று கேட்டேன். போகிறோம் என்று பின்னால் இருக்கிறது ஒப்புக்கொண்டது. எங்கே என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

கார் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் நுழைந்தது. கடைகள், குடைகள், மழைக்கு ஒதுங்கி நின்ற ஜனங்கள். பட்டப்பகல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவின் கைப்பிடி சுலபமாக இழுபட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. பெரியவரின் கால் பிரேக்கை அடிமட்டம்வரை மிதித்துக்கொண்டிருந்தது.

கார் அதே வேகத்தில் போனது.

நாலு ஐம்பத்தைந்துக்குப் பள்ளிக்கூடத் தெரு. வாசலில் ஆயா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவிக்கொத்தில் சாவி தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டில் என் மகள். அவளைத் தவிர வேறு பிள்ளை இல்லை.

"மே பாஹோ!" என்று கத்தினேன். நான் இறங்குகிறேன். அக்கா சொல்லிக்கொடுத்ததிலேயே நான் ஒருநாளும் தப்பாகச் சொல்லாத வாக்கியம். "மே பாஹோ! மே பாஹோ!"

கார் நிற்கவில்லை. மஞ்சள் கோட்டு என் ஜன்னலை ஒட்டிக் கடந்து பின்னால் போனது. அவள் காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

அழுதேன். வெட்கம் பார்க்காமல் அழுதேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், தெரிந்த கெட்ட வார்த்தையை எல்லாம் சொன்னேன். கார் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, சந்தைப் பக்கம் திரும்பி, மறுபடி அதே தெருவை நோக்கி வந்துகொண்டிருந்தது. என் பின்கழுத்தில் குளிர்ச்சியாக மூச்சு பட்டது. நான் அழும்போது அது நின்றது. நான் அழுகையை நிறுத்தியதும் மறுபடி வந்தது.

என் பேச்சுக்கு அது காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"நீங்க தனியா ஏறலை" என்றார் பெரியவர். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கூட்டிட்டுப் போகச் சொல்லி அதுகிட்டயும் கேட்டீங்க. நீங்க அப்படிக் கேட்டது அதுக்குப் பிடிச்சுப்போச்சு. தனியா இறங்க விடாது."

"அப்ப என்னதான் செய்யணும்?"

அவர் மறுபடி அந்தச் சிறிய கண்ணாடியைப் பார்த்தார்.

"நோஸ்" என்றார். "மே சொல்லாதீங்க. நோஸ் சொல்லுங்க. என்னை மன்னிச்சிடுங்க."

நோஸ் பாஹாமோஸ். இறங்குகிறோம்.

புரியாமல் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த மனிதர் பதினோரு வருடமாகச் சுமந்ததை என் தலையில் இறக்கப் பார்க்கிறார் என்பதும் புரிந்தது. அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் குரல்வளையைப் பிடித்திருப்பேன். சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூட வாசல் வந்தது. கேட்டில் பூட்டு தொங்கியது.

மஞ்சள் கோட்டு அங்கே இல்லை.

தெரு முடிகிற இடத்தில், புறவழிச் சாலையின் விளிம்பில் அவள் நின்றிருந்தாள். பையை இரண்டு தோளிலும் மாட்டி, சாலையைக் கடக்க ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள். மழையில் விளக்கைப் போட்டுக்கொண்டு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

"நோஸ் பாஹாமோஸ்!" என்றேன்.

எனக்குப் பின்னால், என் காதை ஒட்டி, அதே வாக்கியம் இன்னொரு தடவை கேட்டது. மெதுவாக, என் உச்சரிப்பிலேயே, என் தப்புகளோடு. பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள் அக்கா. முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. அது சொன்னது நாங்கள் இல்லை, நாம்.

கார் நின்றது. என் கதவு திறந்தது.

பின்கதவும் திறந்தது.

நான் ஓடினேன். செருப்பு எங்கோ விழுந்தது. அவளுடைய பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு பேருமாகச் சேற்றில் விழுந்தோம். லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எங்களை ஒட்டிப் போனது. அவளைக் கட்டிக்கொண்டு கிடந்தபோது சாம்பல் நிறக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பெரியவர் சின்னப் பிள்ளையைப் போல வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டிப் போனார். பின்கதவு இன்னும் திறந்தபடியே ஆடிக்கொண்டிருந்தது.

மகளைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றாள். "நீங்க எப்படி வந்தீங்க?"

காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குள் போகவில்லை. பிள்ளை பயந்திருக்கிறாள், அடி விழக்கூடாது என்று மரியாதையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் தலையைத் துவட்டிவிட்டேன். "நீங்க துவட்டிக்கலையாம்மா?" என்றாள். சாப்பிடும்போது, "உக்காருங்கம்மா" என்றாள். மறுநாளும் அப்படியே. நீங்க. வாங்க. தூங்குங்க. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அவள் பொய் சொல்லாத பிள்ளை. அக்கா ஊரிலிருந்து வந்து, "ஞாயித்துக்கிழமை நோட்டை எடுத்துட்டு வா" என்றபோது எனக்கு இனிமேல் ஸ்பானிஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வீடு ஏன்டி இப்படி நமுத்த வாடை அடிக்குது? ஜன்னலைத் திறந்து வை" என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னலையெல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறேன். மேஜைக்கு நாலு நாற்காலி. என் பக்கத்து நாற்காலியின் மெத்தையை வெயிலில் காயப்போட்டு எடுத்து வருகிறேன். மறுநாள் மறுபடி காயப்போடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்துக் கணவர் வந்தார். கதவைத் திறந்ததும் மகள் அவர் கழுத்தில் தொங்கினாள். "அப்பா! நீ ஏன் நாளைக்கு வர்றேன்னு பொய் சொன்னே?" என்று அவர் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கு அப்படியே உயிர் வந்த மாதிரி இருந்தது. பழைய பிள்ளை திரும்பிவிட்டாள் என்று அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் அவருக்கு எதிர் நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

"அம்மா, நீங்களும் வாங்க. சாப்பிடலாம்" என்றாள்.

அவர் சிரித்தார். "பார்றா! அம்மாவுக்கு மட்டும் நீங்க, வாங்கன்னு மரியாதை. அப்பான்னா நீயா? ஏன் குட்டி?"

கேட்காதீங்க என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, இதிலென்ன சந்தேகம் என்பதுபோல அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஒரே ஆள்தானேப்பா" என்றாள்.